இல்லத்திற்கும் உரியது நீதி



ஒவ்வொருவருக்கும் உரியதை அவரவர்க்கு அளிப்பதே நீதி என்பது, சட்டம் கற்கும் மாணவர் தொடக்கத்திலேயே பயிலும் பாடமாகும். பண்டைய உரோமைச் சட்ட அறிஞர் வகுத்த இந்த இலக்கணத்தைத் திருச்சபையின் மறைவல்லுநரான புனித தோமஸ் அக்குவினாசும் ஏற்றுக்கொண்டு விளக்கியுள்ளார். நீதிமன்றத்தில் எழுந்து நிற்கும் சட்டத்தரணி, தம் கட்சிக்காரருக்கு உரியது காணியா, பிணையா, தாபரிப்பா என்று ஆராய்ந்து, அதைப் பெற்றுக் கொடுப்பதற்காக இரவு பகலாக உழைக்கின்றார். நல்லது. ஆனால் அவரது இல்லத்தில் அவருக்காகக் காத்திருப்போருக்கு உரியது எது? அதற்காக வாதாட முன்வருபவர் யார்? சட்டத் தொழிலில் ஒருவரேனும் உள்ள நம் குடும்பங்கள் பல, வாய்விட்டுக் கேட்காமல் மனதில் சுமந்து திரியும் இக்கேள்வியை இவ்வாரம் சற்று ஆழமாகச் சிந்திப்போம்.

மதிப்பும் சுமையும்

நம் சமூகத்தில் சட்டத் தொழிலுக்குத் தனி மதிப்பு உண்டு. அப்புக்காத்து என்றும் பிரக்கிராசி என்றும் இரு பிரிவினராக இருந்தவர்கள் 1970களில் சட்டத்தரணிகள் என்னும் ஒரே பெயரின்கீழ் வந்துவிட்டனர். எனினும் அந்தப் பழைய சொற்கள் நம் முதியோர் வாயில் இன்னமும் மரியாதையோடு வழங்குகின்றன. 1874ஆம் ஆண்டில் தோன்றிய சட்டக் கல்லூரியின் படிகளைத் தம் மகனோ மகளோ ஏறும் நாளுக்காக மடு அன்னைக்கு நேர்த்தி வைத்துக் காத்திருந்த பெற்றோர் பலர்.

ஆயினும், சத்தியப்பிரமாணம் செய்து கறுப்பு அங்கி அணிந்த அந்த நாளுக்குப் பின் வரும் வாழ்வைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. காலையில் நீதவான் நீதிமன்றம்; அது முடியுமுன் மாவட்ட நீதிமன்றம்; சில நாட்களில் வேறொரு மாவட்டத்து மேல் நீதிமன்றம். பிற்பகலில் அலுவலகத்தில் கட்சிக்காரர்கள். இரவில் மறுநாளைக்குரிய வழக்குக் கோவைகள். சனிக்கிழமை உறுதி எழுதுவதற்கும் சத்தியக்கடதாசி தயாரிப்பதற்கும் போய்விடுகின்றது. ஞாயிறு காலையில் குடும்பம் திருப்பலிக்குப் புறப்படும் வேளையிலும் வாசலில் ஒருவர் கடதாசிக் கட்டுடன் நிற்கின்றார். வழக்கோ ஒரு தவணையில் முடிவதில்லை. தவணைமேல் தவணையாக ஆண்டுகள் கடந்து செல்ல, பழைய வழக்குகள் முடியுமுன் புதியவை வந்து சேருகின்றன. இளம் கனிஷ்ட சட்டத்தரணிகளின் நிலை இன்னும் கடினமானது. தொழிலில் காலூன்றும்வரை வருமானம் குறைவு, வேலையோ மிக அதிகம். முடியாது என்று சொல்லத் துணிவும் இருப்பதில்லை.

இதையெல்லாம் பணத்தாசை என்று ஒதுக்கிவிடுவது அநியாயமாகும். 2009இல் போர் ஓய்ந்த பின்னரும் நம் மக்களின் வழக்குகள் ஓயவில்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடி ஆட்கொணர்வு மனுவுக்காக வந்த தாயை, 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் ஆண்டுக்கணக்காகத் தடுத்து வைக்கப்பட்டவரின் மனைவியை, உறுதி தொலைந்து காணியை இழக்கும் நிலையில் நின்ற முதியவரை, நேரமாகிவிட்டது, நாளை வாருங்கள் என்று எளிதில் திருப்பி அனுப்ப எந்த நல்ல மனிதருக்கு மனம் வரும்? ஆகவேதான் இந்தச் சிக்கல் மனச்சாட்சியுள்ள சட்டத்தரணியையே அதிகம் வருத்துகின்றது. பிறரின் துன்பத்தை உணராதவருக்கு அலுவலகக் கதவை மூடுவது எளிது. உணர்பவருக்கோ, அந்தக் கதவு மூடப்படுவதேயில்லை. ஆனால் அது திறந்திருக்கும் நேரமெல்லாம், அவரது வீட்டில் யாரோ ஒருவர் காத்திருக்கின்றார் என்பதும் உண்மையன்றோ?

எத்திரோ கண்ட காட்சி

இந்தத் துன்பம் நம் காலத்தில் தோன்றியதன்று. விடுதலைப் பயண நூலின் பதினெட்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். வழக்குகளின் சுமையால் நெருக்கப்பட்ட ஒரு மனிதரை அங்கே காணலாம். அவர் மோசே.

அந்த அதிகாரத்தை நாம் வழக்கமாகத் தலைமைத்துவத்திற்கான பாடமாகவே வாசிக்கின்றோம். அதன் தொடக்கமோ ஒரு குடும்பத்தின் கதையாகும். மோசே தம் மனைவி சிப்போராவை முன்னரே அவருடைய தந்தையிடம் அனுப்பியிருந்தார். கேர்சோம், எலியேசர் என்னும் இரு புதல்வரும் தாயுடன் இருந்தனர். மாமனார் எத்திரோ அம்மூவரையும் அழைத்துக்கொண்டு, பாலைநிலத்தில் இறைவனின் மலையருகே பாளையமிறங்கியிருந்த மோசேயிடம் வருகின்றார். மோசே எதிர்கொண்டு சென்று, மாமனாரை வணங்கி முத்தமிடுகின்றார். இருவரும் நலம் விசாரித்துக் கூடாரத்தினுள் செல்கின்றனர். எகிப்தில் ஆண்டவர் செய்த அரும்செயல்களையெல்லாம் மோசே எடுத்துரைக்கின்றார். ஆனால் நெடுநாள் பிரிந்திருந்த மனைவியிடமும் பிள்ளைகளிடமும் அவர் என்ன பேசினார் என்பது பற்றி அந்த அதிகாரத்தில் ஒரு சொல்லும் இல்லை. விவிலியம் சொல்லாததை நாம் இட்டு நிரப்ப வேண்டியதில்லை. எனினும் அந்த மௌனத்தின் முன் சற்று நின்று சிந்திப்பதில் தவறில்லை.

அது சொல்லும் அடுத்த செய்தி, மறுநாளே மோசே மக்களுக்கு நீதி வழங்க அமர்ந்தார் என்பதாகும். காலைமுதல் மாலைவரை மக்கள் அவரைச் சூழ்ந்து நிற்கின்றனர். இதைக் கண்ட எத்திரோ, ஏன் இப்படித் தனியாக அமர்ந்திருக்கிறாய் என்று கேட்கின்றார். மக்கள் என்னிடம் வருகின்றார்களே என்பது மோசேயின் விடை. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த விடை மாறவில்லை. ஆட்கள் வருகின்றார்கள், நான் என்ன செய்வது என்றுதான் இன்றைய சட்டத்தரணியும் தம் மனைவியிடமோ கணவரிடமோ கூறுகின்றார்.

எத்திரோ அந்த விடையை ஏற்கவில்லை. நீ செய்வது நல்லதன்று என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகின்றார். அவர் காட்டிய காரணம் நம் கவனத்திற்குரியது. இதனால் மோசே மட்டுமன்றி மக்களும் களைத்துச் சோர்ந்து போவார்கள் என்கின்றார். களைத்துப்போன நீதிபதியால் காத்து நிற்பவருக்கும் கேடுதான் என்பதை அந்த மிதியான் நாட்டுக் குரு நன்கறிந்திருந்தார். தூக்கமின்றிக் கோவையைப் புரட்டிய சட்டத்தரணி ஒரு திகதியைத் தவறவிட்டால், ஓர் ஆவணத்தைக் கவனியாது விட்டால், அதன் விலையைச் செலுத்துபவர் கட்சிக்காரரே. ஆகவே, மக்களுக்காகவே என் குடும்பத்தை மறந்தேன் என்ற வாதம் எத்திரோவின் முன் நிற்காது.

அவர் வழியும் காட்டினார். ஆற்றல் மிக்க, இறையச்சமுள்ள, நம்பத்தகுந்த, கையூட்டை வெறுக்கும் மனிதரைத் தெரிந்தெடுத்துப் பொறுப்பைப் பகிர்ந்துகொள். கடினமான வழக்குகள் உன்னிடம் வரட்டும், சிறியவற்றை அவர்கள் தீர்க்கட்டும் என்றார். அப்படிச் செய்தால் மக்களும் தத்தம் இடத்திற்கு அமைதியோடு திரும்புவர் என்றும் கூறினார். ஆண்டவரோடு முகமுகமாய்ப் பேசிய மோசே, மாமனாரின் அறிவுரையைக் கேட்டு அவ்வாறே செய்தார். குடும்பத்திலுள்ள ஒருவர் நம் உழைப்பைப் பற்றிக் குறை சொன்னால் அதைத் தொல்லையாகக் கருதாமல் செவிகொடுப்பதற்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி வேண்டுமோ?

ஒரு சட்டத்தரணியின் வீடு

மோசேயின் காலம் தொலைவிலுள்ளது. அவருக்குப் பாலைநிலத்தில் அலுவலகமும் இல்லை, தவணையும் இல்லை என்று சிலர் எண்ணலாம். அப்படியாயின், நம்மைப் போன்றே நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிய ஒருவரிடம் செல்வோம். சட்டத்தரணிகள் தங்கள் பாதுகாவலராகப் போற்றும் புனித தோமஸ் மோர், 1478இல் இலண்டன் மாநகரில் ஒரு சட்டத்தரணியின் மகனாகப் பிறந்தவர். சட்டம் பயின்ற இளமையில், துறவிகளின் மடத்தருகே சில ஆண்டுகள் வாழ்ந்து, துறவற வாழ்வு தமக்குரியதா என்று ஆராய்ந்தார். இறுதியில் இல்லறத்தைத் தேர்ந்துகொண்டார். மூன்று பெண்களும் ஓர் ஆணுமாக நான்கு பிள்ளைகள் பிறந்தனர். 1511இல் முதல் மனைவி இறந்தபோது அவர்கள் மிகச் சிறியவர்களாயிருந்தனர். அவர்களுக்காக விரைவிலேயே மறுமணம் செய்துகொண்டார்.

அக்காலத்தில் அவர் இலண்டன் நகரில் நீதி வழங்கும் பதவியொன்றை வகித்ததோடு, வழக்குரைத்தும் வணிகரின் பிணக்குகளைத் தீர்த்தும் வந்தார். 1516இல் வெளிவந்த அவரது புகழ்பெற்ற ‘யுட்டோப்பியா’ என்னும் நூலின் முகப்பில், நண்பர் ஒருவருக்கு அவர் எழுதிய கடிதம் உள்ளது. நூலை முடிக்கத் தாமதமானது ஏன் என்று அதில் விளக்குகின்றார். பகலெல்லாம் வழக்குகளில் கழிகின்றது. வீடு திரும்பியதும் மனைவியோடு பேச வேண்டும், பிள்ளைகளோடு உரையாட வேண்டும், பணியாளரோடு கலந்து பேச வேண்டும் என்கின்றார். இவற்றை அவர் ஓய்வு நேரத்துப் பொழுதுபோக்காகச் சொல்லவில்லை. கட்டாயம் செய்யவேண்டிய அலுவல்களின் வரிசையிலேயே வைக்கின்றார். இல்லையேல் மனிதன் தன் வீட்டிலேயே அந்நியனாகிவிடுவான் என்பது அவரது கருத்து.

அன்பானவர்களே, இந்த ஒரு கருத்தை நாம் உளத்தில் பதித்துக்கொண்டால் போதுமானது. நம்மில் பலர் வேலை முடிந்த பின் மிஞ்சும் நேரத்தையே வீட்டுக்குக் கொடுக்கின்றோம். சட்டத் தொழிலில் நேரம் மிஞ்சுவதேயில்லை என்பதால் வீட்டுக்குக் கிடைப்பதும் ஒன்றுமில்லை. தோமஸ் மோரோ தம் நூலுக்குரிய நேரத்தை இழக்கச் சம்மதித்தார். குடும்பத்திற்குரிய நேரத்தைக் கடனாகக் கருதிச் செலுத்தினார்.

பின்னர் எட்டாம் ஹென்றி மன்னரின் பணியில் சேர்ந்தபோது புதிய சோதனை வந்தது. அவரது நகைச்சுவைப் பேச்சில் மயங்கிய மன்னரும் அரசியும் அவரை அடிக்கடி அழைத்ததால், மாதத்தில் ஒருமுறைகூட மனைவி மக்களோடு இருக்க வீடு செல்வது அரிதாயிற்று. அப்போது அவர் செய்ததை மருமகன் வில்லியம் றோப்பர் எழுதி வைத்துள்ளார். தம் கலகலப்பைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டாராம், அழைப்புகளும் குறைந்தனவாம். மன்னரின் தயவே முன்னேற்றத்தின் ஏணியாயிருந்த நாளில், அந்த ஏணியை அவரே சற்றுத் தள்ளி வைத்தார். தம்மைத் தேவைப்படுவோர் எல்லோருக்கும் எந்நேரமும் இனியவராக இருப்பதால் வீட்டார் இழப்பது எவ்வளவு என்பதை அவர் கணக்கிட்டிருக்க வேண்டும்.

1529இல் அவர் நாட்டின் மிக உயர்ந்த நீதிப் பதவியான லோர்ட் சான்சலர் பதவியை ஏற்றார். அப்போதும், வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் நீதிபதியாக அமர்ந்திருந்த தம் முதிய தந்தையைக் கடந்து செல்ல நேர்ந்தால், எல்லோர் முன்னிலையிலும் முழந்தாளிட்டு அவரது ஆசியைப் பெற்றுச் செல்வது அவர் வழக்கம். செல்சீயில் இருந்த அவரது இல்லத்தில் மாலையில் குடும்பத்தினரும் பணியாளரும் ஒன்றுகூடிச் செபித்தனர். வீட்டருகே அவர் கட்டிய தனிக் கட்டடத்தில் சிற்றாலயமும் நூலகமும் இருந்தன; வெள்ளிக்கிழமைகளை அவர் அங்கே செபத்தில் கழிப்பது வழக்கம். பெண்களுக்குக் கல்வி அரிதாயிருந்த அந்நாளில், தம் புதல்வியருக்கும் மகனுக்கும் ஒரே தரமான கல்வியை அளித்தார். அவர் குறையேதும் அற்றவரல்லர். சமயக் கருத்தில் மாறுபட்டோர் மீது அவர் பதவிக்காலத்தில் காட்டப்பட்ட கடுமையை வரலாறு மறைக்கவில்லை. ஆயினும், இல்லத்திற்குரியதைச் செலுத்துவதில் அவர் நமக்கு ஆசிரியரே.

மன்னரின் விருப்பத்திற்கு மனச்சாட்சி இடந்தராததால் 1532 மே மாதத்தில் அவர் பதவியைத் துறந்தார். வருமானம் குறைந்தது, நண்பர் விலகினர், பின்னர் சிறையும் வந்தது. 1535 யூலை முதலாம் நாளில் மரணத் தீர்ப்போடு சிறைக்கோட்டைக்குத் திரும்பி வந்தபோது, மூத்த மகள் மார்கிரட் ஆயுதமேந்திய காவலரிடையே புகுந்து ஓடிவந்து தந்தையைக் கட்டித் தழுவினாள். விலகிச் சென்றவள் மனம் தாளாமல் மீண்டும் ஓடிவந்து தழுவினாள். யூலை 6ஆம் திகதி அவர் தலை வெட்டப்படுவதற்கு முன்நாள், அந்த அன்பைத் தாம் எவ்வளவு போற்றினார் என்று மகளுக்கு எழுதினார். பதவியும் வழக்குகளும் மன்னரின் தயவும் போன பின்னர் அவரிடம் எஞ்சி நின்றது, பேசிப் பேசி வளர்த்த அந்த உறவுதான். 1935இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. 2000ஆம் ஆண்டில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை அரசியல் தலைவர்களின் பாதுகாவலராகவும் அறிவித்தார்.

எல்லோரும் தேடும்போது

நம் ஆண்டவரும் இந்த நெருக்கடியை அறிந்தவரே. மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில், கப்பர்நாகூமில் ஊரே வாசலில் கூடிய மாலைக்குப் பின், அவர் விடியுமுன் எழுந்து தனிமையான இடம் சென்று செபிக்கின்றார். எல்லோரும் உம்மைத் தேடுகின்றார்கள் என்று சீமோன் வந்து சொல்லும்போது, அவர் கூட்டத்திடம் திரும்பவில்லை. அடுத்த ஊர்களுக்குச் செல்கின்றார். தேடியவர்களின் தேவை பொய்யானதன்று. ஆனால் தந்தை தமக்கு அளித்த பணி எது என்பதைத் தேடுவோரின் தொகை தீர்மானிக்க அவர் விடவில்லை. அதே நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் சீடரை ஓய்வுக்கு அழைத்துச் சென்ற இடத்திற்கு மக்கள் முந்திச் சென்றபோது, அவர் அவர்கள்மேல் இரங்கினார் என்பதும் உண்மை. சில வேளைகளில் ஓய்வு கலைந்துதான் போகும். அதற்காக ஓய்வே வேண்டாம் என்று அவர் கூறவில்லை.

2015 ஜனவரியில் மடுத் திருத்தலத்திற்கு வந்து நம்மிடையே செபித்துச் சென்ற மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ், அதே மாதம் 28ஆம் திகதி உரோமையில் தந்தையரைப் பற்றி உரையாற்றினார். பிள்ளைகளோடு விளையாடுகின்றீர்களா என்று தாம் தந்தையரைக் கேட்பதுண்டென்றும், வேலையைக் காரணங்காட்டி இல்லையென்றே பெரும்பாலானோர் விடையளித்தனர் என்றும் அதில் வருந்தினார். அக்கேள்வி இன்று நம் வீடுகளின் வாசலிலும் நிற்கின்றது.

நாம் செய்யக்கூடியவை

சட்டத்தரணிகளாகிய சகோதர சகோதரிகளே, உங்கள் நாட்குறிப்பில் வழக்குத் தவணைகளைக் குறிப்பது போலவே பிள்ளையின் முதல் நன்மை, பெற்றோரின் வைத்தியசாலைத் தவணை, திருமண நாள் ஆகியவற்றையும் முன்கூட்டியே குறித்துவிடுங்கள். குறிக்கப்பட்ட திகதிக்கு இன்னொரு வழக்கை ஏற்க முடியாதென நீதிமன்றத்தில் சொல்லத் தெரிந்த உங்களுக்கு, இதுவும் முடியும். ஞாயிற்றுக்கிழமையை ஆண்டவருக்கும் குடும்பத்திற்குமென விட்டுவிடுங்கள். உயிரும் சுதந்திரமும் ஆபத்திலிருக்கும் அவசரம் வேறு, திங்கட்கிழமை பார்க்கக்கூடிய உறுதி வேறு. நீதிமன்ற விடுமுறைக் காலம் தேங்கிய கோவைகளை முடிப்பதற்கென்றே வந்ததாக எண்ணாதீர்கள்.

சிரேஷ்ட சட்டத்தரணிகளே, எத்திரோவின் அறிவுரை முதலில் உங்களுக்கானது. கனிஷ்டர்களுக்குப் பொறுப்பையும் உரிய ஊதியத்தையும் பகிர்ந்தளியுங்கள். உங்கள் சுமையை அவர்கள் முதுகில் மாற்றி வைப்பது பகிர்வாகாது. அவர்களுக்கும் வீடு உண்டு. பெண் சட்டத்தரணிகளுக்கோ இரட்டைச் சுமை. நீதிமன்றத்திலிருந்து களைத்து வரும் மனைவி நேரே அடுக்களைக்குச் செல்ல, அதே நேரத்தில் வரும் கணவர் பத்திரிகையை விரிப்பது எந்த நீதி என்பதை நம் இல்லங்கள் தம்மைத்தாமே கேட்க வேண்டும்.

கட்சிக்காரர்களாக இருக்கும் நாமும் குற்றமற்றவரல்லர். நம் வழக்கு நமக்குப் பெரிதாயினும், இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் கேட்கும் கேள்வி காலையில் கேட்கக்கூடியதுதானா என்று ஒருகணம் எண்ணிப் பார்ப்போம். பெற்றோரே, பிள்ளை எத்தனை வழக்குகளில் வென்றான் என்று ஊருக்குச் சொல்லி மகிழும் நீங்கள், நேரத்துக்குச் சாப்பிட்டாயா, பிள்ளைகளோடு பேசினாயா என்றும் அவனைக் கேளுங்கள். வாழ்க்கைத் துணைவரே, உங்கள் மனக்குறையை அமைதியாகவேனும் சொல்லிவிடுங்கள். எத்திரோ சொல்லாதிருந்தால் மோசேக்குத் தெரிந்திராது.

இவை அனைத்தும் ஒரே வாரத்தில் கைகூடிவிடா. பெரிய வழக்கொன்று வரும்போது ஒழுங்கு குலையும். மீண்டும் தொடங்க வேண்டும். ஆனால் இந்த வழக்கு முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்னும் வாக்குறுதியை மட்டும் நம்பாதீர்கள். வழக்குகளுக்குத் தவணை கேட்கலாம். பிள்ளையின் குழந்தைப் பருவத்திற்குத் தவணை வழங்கும் நீதிமன்றம் எங்கும் இல்லை. இவ்வாரத்தில் ஒரு மாலையாவது, கைத்தொலைபேசியை வேறறையில் வைத்துவிட்டு, குடும்பமாக அமர்ந்து உணவருந்தி, செபமாலை சொல்லி, அன்றைய நாளைப் பற்றி ஒருவருக்கொருவர் பேசிப் பாருங்கள்.

நீதியின் இறைவன், பிறருக்காக வாதாடும் உங்கள் நாவிற்கு வலிமையையும், வீட்டாருக்குச் செவிகொடுக்கும் உள்ளத்தையும் ஒருங்கே தந்தருள்வாராக. புனித தோமஸ் மோரே, எங்கள் சட்டத்தரணிகளுக்காகவும் அவர்களின் இல்லங்களுக்காகவும் வேண்டிக்கொள்ளும்.